உறைநிலத்தின்மீது ஒரு நாடு: யாக்கூத்தியாவின் நிலமும் வாழ்வும்

யாக்கூத்தியாவைப் பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் குளிரிலே தொடங்கிக் குளிரிலேயே முடித்துவிடுகின்றனர். மக்கள் நிலையாகக் குடியிருக்கும் இடங்களுள் உலகிலேயே மிகக் குளிரானவை இப்பிரதேசத்தில் உள என்பது உண்மையே. இந்தியாவினும் சற்றே சிறியதான 30 இலட்சத்து 83 ஆயிரம் சதுர கிலோமீற்றர் பரப்பில், 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, பத்து இலட்சத்துக்கும் சற்றுக் குறைவான மக்களே வாழ்கின்றனர் என்பதும் உண்மையே. ஆயினும் இவ்விரண்டையும் சேர்த்து, இந்நாட்டை ஆளற்ற பனிப்பாலையாகவும் பொன்னும் வைரமும் குவிந்த களஞ்சியமாகவும் மட்டும் காணும் நோக்கு வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. ரஷ்யர் வந்து சேர்ந்த 17 ஆம் நூற்றாண்டிலேயே இங்கு மாடும் குதிரையும் வளர்த்து, கோடையில் புல் அறுத்து உலர்த்திக் குளிர்காலத்தைக் கடந்து வாழ்ந்த சமுதாயம் ஒன்று இருந்தது. அதன் வாழ்வும், அதன் காலடியிலிருந்து காலந்தோறும் எடுத்துச் செல்லப்பட்ட பொருள்களின் வரலாறும் ஒரே உறைநிலத்தின்மீதே நிகழ்ந்தன. முன்னதை விடுத்துப் பின்னதை மட்டும் கூறும் வரலாறு அரசாங்கக் கணக்கேடாக அமையுமேயன்றி ஒரு நாட்டின் வரலாறாக அமையாது.

சைபீரியாவின் வடகிழக்கிலே அமைந்துள்ள இப்பிரதேசத்தின் ஐந்தில் இரு பங்கு ஆட்டிக் வட்டத்துக்கு வடக்கே கிடக்கின்றது. ஏறத்தாழ 4,400 கிலோமீற்றர் நீளமான லேனா நதி தெற்கிலிருந்து வடக்காக ஓடி ஆட்டிக் சமுத்திரத்தில் விழுகின்றது. அல்தான், வில்யூய் என்பன அதன் பெருங்கிளைகள். கிழக்கே வேர்க்கோயான்ஸ்க், செர்ஸ்கி மலைத்தொடர்களும், யானா, இந்திகீர்க்கா, கொலீமா ஆகிய நதிகளும் உள. குளிர்காலத்தில் ஆசியாவின் உட்பாகத்தில் நிலைகொள்ளும் உயரமுக்கம் காற்றை அசைவற்றதாகவும் வரட்சியானதாகவும் ஆக்குகின்றது. பாரமான குளிர்வளி மலையிடைப் பள்ளத்தாக்குகளில் இறங்கித் தேங்குவதனாலேயே வேர்க்கோயான்ஸ்கில் 1892 பெப்ருவரியில் பூச்சியத்துக்குக் கீழ் 67.8 பாகையும், ஒய்மியாக்கோனில் 1933 பெப்ருவரியில் 67.7 பாகையும் பதிவாயின. அதே வேர்க்கோயான்ஸ்கில் 2020 யூன் 20 ஆம் திகதி பூச்சியத்துக்கு மேல் 38 பாகை வெப்பம் அளக்கப்பட்டது. ஓரிடத்தின் இரு எல்லைகளுக்கிடையே நூறு பாகைக்கு மேற்பட்ட வேறுபாடு! கடலின் தணிப்பை அறியாத கண்டக் காலநிலைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைக் காண்டல் அரிது.

ஆனால் இந்நாட்டை உருவாக்கியது வானத்துக் குளிரன்று, நிலத்துக் குளிர். யாக்கூத்தியா ஏறத்தாழ முழுவதும் நிரந்தர உறைநிலத்தின்மீது அமைந்துள்ளது. கோடையில் மேற்பரப்பு ஓரிரு மீற்றர் ஆழத்துக்கே இளகும். அதன்கீழ் மண்ணும் கல்லும் பனிக்கட்டியும் ஒன்றாய் இறுகிக் கிடக்கும். வில்யூய் வடிநிலத்தின் சில இடங்களில் அவ்வுறைவு 1,400 மீற்றருக்கும் அப்பால் இறங்குகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பயணிகள் இதுபற்றி எழுதியபோது ஐரோப்பிய அறிஞர் சிலர் நம்ப மறுத்தனர். ஐயத்தைத் தீர்த்தவர் ஒரு வணிகர். ரஷ்ய-அமெரிக்கக் கம்பனியின் முகவராக யாக்கூத்ஸ்க் நகரில் இருந்த பியோதர் ஷேர்கின் 1828 இல் தம் வளவிலே நன்னீர் வேண்டிக் கிணறு ஒன்றைத் தோண்டுவிக்கத் தொடங்கினார். 1837 வரை தோண்டி 116 மீற்றர் ஆழம் சென்றும் நீர் காணவில்லை; உறைந்த மண்ணே கண்டார். 1840களில் அங்கு வந்த மிடென்டோர்ப் எனும் அறிஞர் அக்கிணற்றின் வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலையை அளந்து, கீழே செல்லச்செல்லக் குளிர் சிறிது சிறிதாகவே தணிகின்றது எனக் காட்டினார். உறைநிலவியல் எனும் துறை ஒரு பயனற்ற கிணற்றிலிருந்து தோன்றிற்று எனலாம்.

இவ்வுறைநிலம் உயிர்வாழ்வுக்குத் தடை என்பது மேலோட்டமான கருத்தாகும். யாக்கூத்ஸ்கில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 240 மில்லிமீற்றரே. வேறொரு நிலத்தில் இது புல்வெளிக்கும் போதாது. இங்கோ பெரும் ஊசியிலைக் காடு நிற்கின்றது. கீழே உள்ள உறைவு நீரை ஆழத்துக்கு இறங்கவிடாது தடுத்து வேருக்கு எட்டும் உயரத்திலேயே வைத்திருப்பதே காரணம். அக்காட்டின் முதன்மை மரமாகிய லார்ச், ஊசியிலை மரமாயிருந்தும் இலையுதிர்ப்பது. ஆழமற்ற வேர்களைப் பக்கவாட்டில் பரப்பி நிற்பது. காட்டினிடையே, நிலத்தடிப் பனிக்கட்டி நீண்ட காலங்களுக்கு முன்னர் இளகியமையால் மண் அமிழ்ந்து தோன்றிய வட்டமான பள்ளங்கள் ஆயிரக்கணக்கில் உள. நடுவே ஏரியும் சுற்றிலும் செழும்புல்லும் உடைய இப்பள்ளங்களை மக்கள் ‘அலாஸ்’ என்பர். சோழநாட்டு வரலாற்றுக்குக் காவிரிக் கழிமுகம் எத்தகையதோ, யாக்கூத்திய வரலாற்றுக்கு அலாஸ் அத்தகையது. காடு வேட்டைக்கும் விறகுக்கும், வாழ்வு அலாசிலேயே.

அலாசை வாழிடமாக்கியோர் தம்மைச் ‘சஹா’ என அழைத்துக்கொள்வர். யாக்கூத் என்பது அயலவரான எவெங்கியர் வழங்கிய பெயரின் ரஷ்ய வடிவம். சஹாக்களின் மொழி துருக்கியக் குடும்பத்தது. பைக்கால் ஏரிப் பக்கத்துப் புல்வெளிகளிலிருந்து லேனா வழியாக வடக்கே பெயர்ந்தோரே இவர்தம் முன்னோருள் முக்கிய பகுதியினர் என்பது ஒக்லாத்னிகோவ் முதலிய ஆய்வாளர் கொள்கை. புல்வெளி மக்களின் பொருளாதாரத்தைப் பனிக்காட்டின் நடுவே நிறுவியமையே இவர்களின் தனிச்சிறப்பு. வடக்கே வாழும் எவெங்கியர், எவேனியர், யூக்காகிரர் ஆகியோர் கலைமான், வேட்டை, மீன் என்பவற்றை நம்பியிருக்க, சஹாக்கள் மாட்டை நம்பினர். யாக்கூத்தியக் குதிரை குளிர்காலம் முழுவதும் வெளியிலே நின்று, குளம்பால் பனியைக் கிளறிப் புல் மேயவல்லது. மாட்டுக்கு அது இயலாது. ஆண்டில் எட்டு மாதங்களுக்குக் குறையாமல் அதனைத் தொழுவத்திலே வைத்து உலர்புல் ஊட்டல் வேண்டும். ஆகவே யூலை, ஆகத்து மாதங்களின் சில கிழமைகளில் அறுத்துச் சேர்க்கும் புல்லின் அளவே ஒரு குடும்பத்தின் மாடுகளின் தொகையையும், பாலையும், குளிர்காலம் முடியும்வரை அக்குடும்பத்தில் எஞ்சுவோர் தொகையையும் தீர்மானித்தது. செல்வத்தின் அளவுகோல் நிலமன்று, புற்றரை. புற்றரையைப் பெருக்கும்பொருட்டுச் சிற்றேரிகளை வாய்க்கால் வெட்டி வடித்த செய்திகளும் உண்டு.

குளிர்கால இல்லமாகிய பலகான், சாய்ந்த மரச்சுவர்களின்மீது களிமண்ணும் சாணமும் பூசப்பட்டது. தொழுவம் அதனோடு ஒட்டியிருக்கும். கோடையில் வேறிடத்துக்குப் பெயர்ந்து பால்பொருள்களைப் பெருக்குவர். யூன் மாதத்துப் பெருவிழாவாகிய இசியாக்கில் குதிரைப்பாலைப் புளிக்கவைத்த குமிஸ் தெய்வங்களுக்குத் தெளிக்கப்படும். வறியோரின் நிலை வேறு. ஏரிச் சிறுமீனும் பைன் மரத்தின் உட்பட்டையைக் காயவைத்து இடித்த மாவுமே அவர்களின் குளிர்கால உணவு. ஒலொன்கோ எனும் பெருங்காப்பிய மரபு அவ்விரு சாராருக்கும் பொதுவாயிருந்தது. யுனெஸ்கோ 2005 இல் அதனை மானிடத்தின் வாய்மொழி மரபுச் சிறப்புக்களுள் ஒன்றாக அறிவித்தது. மொழியியல் மாணவர்க்கு இங்கு ஒன்று கூறுதல் தகும். சஹா மொழிக்கு முதன்முதல் அறிவியல் முறையிலான இலக்கணம் செய்து 1851 இல் வெளியிட்டவர், பின்னர் பீற்றர்ஸ்பேர்க் வடமொழிப் பேரகராதியைத் தொகுத்த அதே ஒற்றோ போட்லிங்க் ஆவார். பாணினியைப் பதிப்பித்த கையே இவ்வுறைநிலத்து மொழியின் ஒலிகளையும் வகுத்தது.

1632 இல் பியோத்தர் பெக்கேத்தோவ் தலைமையில் வந்த கொசாக்கியர் லேனாக் கரையில் மரக்கோட்டை ஒன்றை அமைத்தனர். பத்தாண்டுகளுக்குப் பின் இடம்மாற்றப்பட்ட அக்கோட்டையே யாக்கூத்ஸ்க் நகரமாயிற்று. அவர்கள் நாடி வந்த பொருள் சேபிள் எனும் சிறுவிலங்கின் மென்மயிர்த் தோல். அக்காலத்து மொஸ்கோ அரசுக்கு அது வெள்ளிக்கு நிகரானது. ‘யசாக்’ எனும் திறை ஆள்வீதம் விதிக்கப்பட்டது. திறை செலுத்துதற்குப் பிணையாக வமிசத் தலைவர்கள் கோட்டையில் அடைத்து வைக்கப்பட்டனர். கணக்கெடுப்பை எதிர்த்து 1642 இல் எழுந்த கிளர்ச்சியைக் கொலோவின் எனும் ஆளுநர் தூக்கிலிட்டும் கசையாலடித்தும் அடக்கினார். யாக்கூத்ஸ்க் பின்னர் கிழக்கு நோக்கிய படரலின் தளமாயிற்று. 1643 இல் ஆமூர் நோக்கிப் பொயார்க்கோவ் புறப்பட்டதும், 18 ஆம் நூற்றாண்டில் பேரிங்கின் பயணக் குழுக்கள் ஒக்கோத்ஸ்க் கரைக்குச் செல்லும் வழியில் ஆயத்தம் செய்ததும் இங்கிருந்தே. அப்பயணங்களுக்குப் பொதிசுமந்த குதிரைகள் சஹாக்களுடையவை. நூற்றாண்டு ஒன்று கழியுமுன்னரே பல மாவட்டங்களில் சேபிள் அருகிப்போயிற்று, திறை அருகவில்லை. தோலுக்குப் பதில் பணம் கேட்கப்பட்டது. பணத்துக்கு மாடு விற்கப்பட்டது. திறையைத் திரட்டிக் கொடுக்கும் பொறுப்பைப் பெற்ற ‘தோயோன்’ எனும் தலைவர்கள் அதனையே காரணங்காட்டிச் சிறந்த புற்றரைகளைத் தமதாக்கிக்கொண்டனர். உள்ளூர் ஏற்றத்தாழ்வு முன்பே இருந்ததாயினும், அதனை நிறுவனமாக்கியது பேரரசின் திறைமுறையே எனக் கொள்ளல் தவறாகாது.

திறைக்கு அடுத்ததாக இந்நாடு பேரரசுக்குப் பயன்பட்டது சிறைச்சாலையாக. சுவர் வேண்டாத சிறை அது, தூரமே காவல். செர்னிஷேவ்ஸ்கி 1872 முதல் 1883 வரை வில்யூய்ஸ்கில் வைக்கப்பட்டிருந்தார். கொரலேங்கோ 1880களின் தொடக்கத்தில் அம்காவில் உழுது பிழைத்தார். விந்தை யாதெனில், சஹா மக்களைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி இக்கைதிகளாற் கிடைத்தமையே. போலந்து நாட்டவரான சியெரொஷெவ்ஸ்கி 1896 இல் வெளியிட்ட இனவியல் நூலும், பெக்கார்ஸ்கி பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அகராதியும் தண்டனைக் காலத்தின் விளைவுகள்.

1922 ஏப்ரலில் யாக்கூத்தியத் தன்னாட்சிச் சோவியத் குடியரசு அமைந்தது. அம்மோசோவ், ஒயூன்ஸ்கி போன்ற உள்ளூர் இளைஞர் அதன் தலைமையில் இருந்தனர். சஹா மொழியில் பாடசாலைகளும் பத்திரிகைகளும் நூல்களும் பெருகின. ஒயூன்ஸ்கி ஒலொன்கோவை ஏட்டிலேற்றிய கவிஞருமாவார். ஆனால் அம்மோசோவ் 1938 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒயூன்ஸ்கி 1939 இல் யாக்கூத்ஸ்க் சிறையில் இறந்தார். குடியரசை அமைத்த தலைமுறையை அக்குடியரசின் சிறையே விழுங்கிற்று. இதற்கிடையில் 1923 இல் அல்தான் பகுதியில் பொன் கண்டறியப்பட, அந்நியச் செலாவணியை நாடிய அரசு அங்கு சுரங்க நகரங்களை எழுப்பியது. 1931 இல் தோன்றிய தால்ஸ்திரோய் நிறுவனம் கொலீமாவிலும் இந்திகீர்க்காவின் மேற்பகுதியிலும் கைதிகளின் உழைப்பாற் பொன் எடுத்தது. மகதானிலிருந்து மேற்கே வரும் நெடுஞ்சாலை அவர்களால் வெட்டப்பட்டதே.

பொன்னின் வரலாறு பலராற் கூறப்பட்டது. அலாசின் வரலாறு அவ்வாறு கூறப்படவில்லை. சிதறியிருந்த குடும்பங்களைக் கூட்டுப்பண்ணைகளிற் சேர்த்தபோது, ஒவ்வோர் அலாசிலும் சில மாடுகள் என்னும் பழைய பரவல் குலைந்தது. ஒரு புற்றரை பொய்த்தால் மற்றொன்று தாங்கும் என்ற காப்பு அப்பரவலிலேயே இருந்தது. 1939 முதல் தொடர்ந்த வரட்சியில் புல் பொய்த்தது, மாடு மடிந்தது, போர்க்காலக் கொள்வனவோ குறையவில்லை. 1942 ஆகத்தில் சுராப்சா மாவட்டத்தின் 41 கூட்டுப்பண்ணைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 5,000 மக்களை லேனாவின் வடபகுதிகளுக்குப் பெயர்த்து மீன்பிடியில் ஈடுபடுத்த உள்ளூர்க் கட்சி நிருவாகம் தீர்மானித்தது. மீன்பிடி அறியாத மாட்டு மக்கள், வலையும் படகும் வீடுமின்றி, குளிர்காலத் தொடக்கத்தில் கரையிலே இறக்கப்பட்டனர். பசியாலும் நோயாலும் இறந்தோர் பலர். பின்னைய ஆண்டுகளில் திரும்ப அனுமதி கிடைத்தபோது, எஞ்சியோரில் ஒரு பகுதியினர் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் கால்நடையாகவே ஊர் சேர்ந்தனர். பல பத்தாண்டுகளாக இந்நிகழ்ச்சி அச்சில் வெளிப்படையாகப் பேசப்படவில்லை. குடிசன மதிப்புக்கள் மட்டும் மறைக்கவில்லை: 1926 இல் 2 இலட்சத்து 40 ஆயிரத்தை அண்மியிருந்த சஹாக்களின் தொகை, மூன்று பத்தாண்டுகளின் பின் 1959 இல் அதனினும் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஓர் இனம் முப்பத்துமூன்று ஆண்டுகள் பெருகாதிருந்தது என்பதன் பொருளை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை.

அடுத்து வந்தது வைரம். 1949 இல் வில்யூய் ஆற்று மணலில் வைரங்கள் கிடைத்தனவாயினும் அவற்றின் தாய்ப்பாறை எங்கென அறியப்படவில்லை. லெனின்கிராட்டைச் சேர்ந்த நத்தாலியா சர்சாத்ஸ்கிக், லரீசா பொப்புகாயேவா எனும் இரு பெண் புவிச்சரிதவியலாளர், வைரத்தோடு உடன்தோன்றும் செந்நிறப் பைரோப் கற்களின் சுவட்டைப் பின்பற்றிச் செல்லும் முறையை வகுத்தனர். அம்முறையாலேயே 1954 ஆகத்து 21 ஆம் திகதி பொப்புகாயேவா சோவியத் நாட்டின் முதலாவது கிம்பலைற்றுக் குழாயாகிய ‘சர்னித்சா’வைக் கண்டார். மறு ஆண்டு யூன் மாதத்தில் இரண்டு நாள் இடைவெளியில் ‘மீர்’, ‘உதாச்னயா’ எனும் பெருங்குழாய்கள் அகப்பட்டன. 1957 இல் வைரக் கண்டுபிடிப்புக்கென வழங்கப்பட்ட லெனின் பரிசைப் பெற்றோர் பட்டியலில் அவ்விரு பெண்களின் பெயரும் இல்லை.

மீர் குழாயின்மீது மீர்னி நகரம் எழுந்தது. எஃகு நொறுங்கும் குளிரில் தோண்டப்பட்ட அச்சுரங்கம் 2001 வரை திறந்தவெளிக் குழியாக இயங்கி, 525 மீற்றர் ஆழமும் 1,200 மீற்றர் அகலமும் எய்தியது. 2017 ஆகத்தில் அக்குழியின் அடியிற் தேங்கிய நீர் நிலக்கீழ்ச் சுரங்கத்துள் பாய்ந்து எண்மரைப் பலிகொண்டது. சுரங்கத்துக்கு மின்சாரம் வேண்டி 1960களில் வில்யூய் நதி அணையால் மறிக்கப்பட்டது. 2,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட நிலம், பெரும்பகுதி காடு வெட்டப்படாமலே, நீரில் மூழ்கிற்று. மூழ்கியவற்றுள் சஹாக்களின் புற்றரைகளும் உண்டு. அழுகிய மரமும் சுரங்கக் கழிவும் கலந்த நதிநீரைப் பற்றிய முறைப்பாடுகள் 1980களின் இறுதியில் வில்யூய்க் கிராமங்களில் மக்கள் இயக்கமாக வளர்ந்தன. 1974 முதல் 1987 வரை இக்குடியரசின் நிலத்தடியில் ‘சமாதான நோக்குள்ள’ அணுக்குண்டு வெடிப்புக்கள் பன்னிரண்டு நடத்தப்பட்டன என்பதும், 1974 இன் ‘கிறிஸ்ரல்’, 1978 இன் ‘கிறற்றோன்-3’ ஆகிய இரண்டில் கதிரியக்கம் வெளியே கசிந்தது என்பதும் அக்காலத்திலேயே வெளிவந்தன.

வைரமும், 1975 இல் நகரமான நெரியூங்கிரியின் நிலக்கரியும் மேற்கிலிருந்து தொழிலாளரைக் கொணர்ந்தன. 1926 இல் மக்கட்டொகையில் ஐந்தில் நான்கு பங்கினராயிருந்த சஹாக்கள் 1989 இல் மூன்றில் ஒரு பங்கினராயினர். 1990 செப்ரெம்பர் 27 ஆம் திகதி குடியரசு தன் இறைமையை அறிவித்தபோது எழுந்த முதன்மை வினா மொழி பற்றியதன்று. வைரம் யாருடையது என்பதே. நீண்ட பேரத்தின் பயனாகத் தோன்றிய அல்ரோசா கம்பனியில் மத்திய அரசுக்கு 33, குடியரசுக்கு 25, வைரம் விளையும் மாவட்டங்களுக்கு 8 என்ற நூற்றுவீதத்தில் பங்குகள் உள. நிலத்தடி வளங்களைத் தம் உடைமையாகக் குடியரசுகள் உரிமைகோருதல் செல்லாது என 2000 ஆம் ஆண்டில் ரஷ்ய அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்த்தது. பங்கு எஞ்சிற்று, உரிமை எஞ்சவில்லை. வந்தேறிய தொழிலாளர் பலர் 1990களில் திரும்பிச் சென்றதனால் 2021 இல் சஹாக்கள் மீண்டும் பாதிக்கு மேற்பட்டோராயினர். 2019 திசெம்பர் முதல் சயாந்தாப் படிவத்து எரிவாயு குழாய்வழியே சீனாவுக்குச் செல்கின்றது. தோல், பொன், வைரம், வாயு எனப் பொருள் மாறிற்று. போக்கின் திசை மாறவில்லை.

இவையனைத்தையும் தாங்கும் உறைநிலம் இப்பொழுது தளர்ந்து வருகின்றது. யாக்கூத்ஸ்கின் பெரிய கட்டடங்கள் உறைந்த மண்ணுள் இறக்கிய கொங்கிறீற்றுத் தூண்களின்மீது நிற்கின்றன. கட்டடத்தின் வெப்பம் கீழிறங்காவண்ணம் தரைக்கும் கட்டடத்துக்குமிடையே காற்றோடும் வெளி விடப்படும். இம்முறைகளை ஆராய்ந்த உறைநிலவியல் நிறுவகம் அந்நகரில் 1960 இல் நிறுவப்பட்டது. பொறியியலாளரின் இவ்வேற்பாடுகள் நகரத்துக்கு உதவும். வயலுக்கும் புற்றரைக்கும் தூண் இறக்க இயலாது. காடு அழிந்த இடத்தில் நிழல் நீங்கி நிலம் ஆழமாக இளகுகின்றது. வேர்க்கோயான்ஸ்க்கை அடுத்த பத்தகாய் ஊரின் அருகே, 1960களில் மரம் வெட்டப்பட்ட சரிவில் தொடங்கிய பிளவு, இன்று ஒரு கிலோமீற்றர் நீளமான பெரும் பள்ளமாக விரிந்துள்ளது. 2021 கோடையில் இக்குடியரசில் 80 இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட காடு எரிந்தது. அதன் புகை வடதுருவம்வரை சென்றது.

புதிதாக அமிழும் நிலமும் காலப்போக்கில் அலாஸ் ஆகும் எனச் சிலர் கூறுவதுண்டு. அது புவியியலாளருக்குப் பொருந்தும் ஆறுதல். பழைய அலாசுகள் உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சென்றன. சோவியத் காலத்திற் காடழித்து உழப்பட்ட சுராப்சா வயல்கள் இப்பொழுது திட்டுத் திட்டாக அமிழ்ந்து, இடையிடையே நீர்தேங்கிய குழிகளோடு, புல்லறுக்கும் இயந்திரம் ஓட இயலாத மேடுபள்ளமாகியுள்ளன. இறைச்சியும், குடிநீருக்காகக் குளிர்காலத்தில் ஏரியில் வெட்டிய பனிக்கட்டிகளும் வைக்கப்படும் ‘பூலூஸ்’ எனும் நிலவறைகளிற் சிலவற்றில் கோடையில் நீர் கசிகின்றது. 2018 இல் குடியரசின் சட்டசபை உறைநிலப் பாதுகாப்புக்கென ஒரு சட்டத்தை இயற்றியது. ரஷ்யாவில் அத்தகைய சட்டம் அதுவே முதலாவது. நிலத்தடிக் கனியங்களைப் பற்றி விதிசெய்யும் அதிகாரம் மொஸ்கோவிடமிருக்க, அவற்றை மூடியிருக்கும் பனியைக் கண்காணிக்கும் பொறுப்பு யாக்கூத்ஸ்கைச் சேர்ந்தது.